4294967297 ஏன் பகா எண் அல்ல?

கேள்வி: 2³² + 1 ஆகிய 4294967297 பகா எண்ணே என்று கணித அறிஞர் ஃபெர்மா கருதியதாகப் படித்தேன். கணினி இல்லாத காலத்தில் அது தவறென எவ்வாறு கண்டார்கள்?

பதில்: இதே வரிசையில் இதற்கு முந்தைய ஐந்தும் (2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1), அதாவது 3, 5, 17, 257, 65537 ஆகியவை, பகா எண்களாக அமைந்ததால் அவ்வாறு நம்பினார். கணித அறிஞர் ஆய்லர் 1732-இல் அதை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்து விலக்கியதும் ஐந்தாவதாக 641 கிடைத்துவிடுகிறது.

மற்றொரு பதில்: வகுத்துப் பார்க்காமலேயே நிறுவும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ × 2²⁸ + 2³² அதனால் வகுபடும்; 641 = 5 × 2⁷ + 1 என்பதால் 5⁴ × 2²⁸ − 1, அதாவது (5 × 2⁷)⁴ − 1, என்பதும் வகுபடும் (x⁴ − 1 எப்போதும் x + 1-ஆல் வகுபடும்). முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1.

கேட்டவர்: மிக்க நன்றி. 6700417 மேலும் பிரியுமா?

பதில்: பிரியாது, அது பகா எண்.