ஸ்கீமா போட்டதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது? நம்ம நெல்லைப் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

தாமிரபரணிக்காரன்:
கடைக்கு சைட் போட்டுக் கொடுக்கப் போனா எல்லா அண்ணாச்சியும் கேக்கது இப்போ ஒண்ணுதான்: "தம்பி, ஸ்கீமா போட்டா கூகுள்ல மொத ஆளா வந்துருவோமாமே?" வர மாட்டோம். அதைப் போட்டதுக்காக இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறதில்லைன்னு கூகுள்காரங்களே சொல்லியாச்சு. வெப் பக்கத்துல கிடக்குற எண்ணுல எது விலை, எது பின்கோடுன்னு தேடுபொறிக்கு விளங்கும்படி எழுதி வைக்கிறது, அவ்ளோதான் வேலை. அதுக்குப் பொதுவா ஒரு சொல்பட்டியல் வேணும்னு 2011-ல கூகுள், பிங், யாஹூ மூணும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ஸ்கீமா டாட் ஆர்க்.

நான் பார்த்தது பாளையங்கோட்டையில ஒரு அல்வாக் கடை. ஆன்லைன் ஆர்டர் உண்டு. காசு கொடுத்து வாங்குன தீம் (சைட்டோட ரெடிமேட் வடிவமைப்பு), விலை இருக்க வேண்டிய இடத்துல "ரூ.320/-"ன்னு அப்படியே தள்ளிவிட்டிருந்தது. கடை போர்டுல அது சரி. மார்க்கப்புல, அதாவது ஸ்கீமா எழுதுற கோட்ல, 'பிரைஸ்'ல வெறும் 320, 'பிரைஸ் கரன்சி'ல இந்திய ரூபாய்க்கான ஐஎன்ஆர்னு தனித்தனியா நிக்கணும். திருத்தி, சைட்காரங்களுக்குக் கூகுள் கொடுக்கிற சர்ச் கன்சோல்ல மறுபடி படிக்கச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள்ல லிங்குக்கு அடியில விலையும் 'இன் ஸ்டாக்'கும் வந்துட்டு. இடம் ஏறல. ஆனா "கிலோ என்ன விலை?"ன்னு கேட்டுட்டு வைக்கிற போன் நல்லாவே குறைஞ்சிட்டு. அண்ணாச்சிக்கு அதுவே பெரிய நிம்மதி.

நெய் விலை ஏறுனா அல்வா விலையும் ஏறும். பக்கத்துல புது விலை, மார்க்கப்புல பழைய விலைன்னு நிக்கக் கூடாது. அதனால ரெண்டும் ஒரே இடத்துல இருந்து எடுத்துக்கிற மாதிரி வச்சிருக்கேன்.

குற்றாலச் சாரல்:
எங்க கதை வேற. லாட்ஜ் வச்சிருக்கோம். ஜூன்ல சாரல் விழுந்தா செப்டம்பர் வரைக்கும் ஓட்டம், அப்புறம் ஐயப்ப சாமிமார் வர்ற சமயம். ஒரு சீசனுக்கு முந்தி ஒரு கம்பெனி வந்து, "தேடும்போது உங்க பேருக்குக் கீழ நட்சத்திரம் மின்னும்"னு சொல்லிப் பணம் வாங்கிட்டுப் போனாங்க. மார்க்கப்புல ரேட்டிங் 4.9, ரிவ்யூ நூத்துக்கணக்குலன்னு அவங்களே எழுதியிருக்காங்க. பக்கத்தைத் தொறந்து பார்த்தா ஒரு ரிவ்யூகூட இல்லை! நட்சத்திரம் எங்க வந்துச்சு? சர்ச் கன்சோல்ல மேனுவல் ஆக்‌ஷன்னு நோட்டீஸ்தான் வந்துச்சு, விதியை மீறினதுக்குக் கூகுள் எடுக்கிற நடவடிக்கையாம்.

தாமிரபரணிக்காரன்:
நல்லா ஏமாத்தியிருக்காங்க வே. ஒரு நிறுவனம் தன்னைப் பத்தின ரிவ்யூவைத் தன் சைட்டுலயே போட்டு நட்சத்திரம் வாங்குறதை 2019 செப்டம்பர்லயே கூகுள் நிறுத்திட்டு. நெசமான ரிவ்யூவா இருந்திருந்தாலும் லாட்ஜுக்கு அந்த வழியில வந்திருக்காது. அந்த நோட்டீஸ்னால ரிச் ரிசல்ட் (லிங்கோட சேர்ந்து வர்ற நட்சத்திரம், விலை, படம் மாதிரி) மட்டும்தான் போகும், சாதாரண லிங்கோட இடம் இறங்காது. பொய்யை எடுத்துட்டு மறுபரிசீலனை கேளுங்க.

குற்றாலச் சாரல்:
எடுத்தாச்சு, கேட்டாச்சு, நோட்டீஸ் போயிட்டு. அப்போ மத்ததையும் பார்த்தோம். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆயிட்டு, எங்க முகவரி மட்டும் திருநெல்வேலி மாவட்டத்துலயே கிடந்தது. அதுவும் 'அட்ரஸ் ரீஜன்'ல! அங்க மாநிலம்தான் வரணுமாம். இப்போ 'லோக்காலிட்டி'ல குற்றாலம், 'ரீஜன்'ல தமிழ்நாடு. மேப்புல வர்ற போன் நம்பரையும் நேரத்தையும் கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல தனியாத் திருத்தினோம். சைட்டுல ஸ்கீமாவை மாத்திட்டா மேப்பும் தானா மாறிரும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காவ.

சொதிக்காரி:
நான் சமையல் சைட் நடத்துறேன். எனக்கு இதுல நெசமாவே லாபம் உண்டு, தாமிரபரணித் தம்பி மாதிரி அடக்கி வாசிக்க மாட்டேன். மாப்பிள்ளைச் சொதிக்கு ரெசிபி மார்க்கப் போட்டதுக்கு அப்புறம்தான் படத்தோட தெரிய ஆரம்பிச்சுது. தேங்காய்ப் பால் மஞ்சளா நுரைச்சு நிக்கிற படத்தைப் பார்த்துட்டு யார் சும்மா தாண்டிப் போவா? ரெசிபிக்குப் பேரும் படமும் கட்டாயம். நேரத்தை "முக்கால் மணி"ன்னு எழுதுனா அதுக்குப் புரியாது. பி, டி, 45, எம்னு ஒட்டி எழுதணும். ஒண்ணரை மணின்னா பி, டி, 1, எச், 30, எம்.

கேள்வி பதில் (எஃப்ஏக்யூ) மார்க்கப்பை மட்டும் நம்பாதீங்க. ஒரு காலத்துல லிங்குக்கு அடியில நாலு கேள்வி விரிஞ்சு எடத்தை அடைச்சு நிக்கும். 2023 ஆகஸ்ட்ல அதை அரசு, சுகாதாரம் சார்ந்த பேர் பெற்ற சைட்டுகளுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. செய்முறையைப் படிப்படியாக் காட்டுற 'ஹவ் டு'வும் அந்த வருஷமே போச்சு. இன்னும் அதை வித்துக்கிட்டு வர்ற ஆளு வந்தா வாசல்லயே அனுப்பிருங்க.

பேட்டை பிரஸ்:
நாங்க அச்சகம். பத்தமடைப் பாய் விக்கிற ஒருத்தருக்கு நோட்டீஸும் நாங்கதான், சைட்டும் நாங்கதான். நோட்டீஸுக்கு அடிச்ச பாமினிங்கிற பழைய ஃபான்ட் எழுத்தை அப்படியே எடுத்து, ஸ்கீமா எழுதுற ஜேசன்-எல்டி கோட்ல ஒட்டுனா என்ன ஆகும்? அந்த ஃபான்ட் இருந்தாத்தான் திரையில தமிழ். உள்ள இருக்கது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கூகுள் அதைத்தான் பாயோட பேருன்னு படிக்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்திட்டுத்தான் ஒட்டணும். மாத்தினா தமிழ்ப் பேரு தாராளமா நிக்கும். 'நேம்', 'பிரைஸ்' மாதிரி தலைப்புச் சொல்லு மட்டும் ஆங்கிலத்துல அதது இருக்கபடியே இருக்கணும்.

இன்னொண்ணு, வேர்டு ஃபைல்ல இருந்து எடுத்தா மேற்கோள் குறி வளைஞ்சு வரும். நேர்க் குறிதான் செல்லும். ஒரே ஒரு வளைஞ்ச குறி போதும், மொத்தத் துண்டையும் தள்ளிரும். 'அன்பார்சபிள்' (படிக்க முடியல)னு அறிக்கை வந்தா நான் மொத தேடுறது அதைத்தான்.

சொதிக்காரி:
அண்ணாச்சி, தீம் ஒரு மார்க்கப் போடுது, எஸ்இஓ ப்ளகின் (தேடல்ல வர உதவுற துணை மென்பொருள்) இன்னொண்ணு போடுது. ரெண்டும் இருந்தா பாதகமா?

பேட்டை பிரஸ்:
ரெண்டும் ஒரே சேதியைச் சொன்னா பாதகமில்லம்மா. ஒண்ணு 45 நிமிஷம், இன்னொண்ணு ஒரு மணின்னு சொன்னாத்தான் வம்பு. கூகுளோட ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்ல சொதிப் பக்கத்தோட முகவரியைக் கொடுத்துப் பாருங்க, ரெசிபி ரெண்டா வந்தா தீம்ல உள்ளதை அணைச்சிருங்க.