பட்டியலில் பழகியவர்கள், ஏரிக்கரையில் நேரில்

பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில் ஒருவரோடு பழகுவது என்றால் பெரும்பாலும் அவர் போடுகிற பட்டியலைப் படிப்பதுதான். எந்த ஏரி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எவ்வளவு தூரம் நடந்தார், எந்தப் பறவை எத்தனை. முகம் தெரியாது, வயது தெரியாது. ஆனாலும் தொடர்ந்து படித்து வந்தால் ஆளைப் பற்றி நாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது வடுவூர் ஏரியில் அப்படிப் பட்டியலில் மட்டுமே தெரிந்த சிலரை நேரில் பார்த்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நாட்களை நன்றாகத்தான் பிடித்திருக்கிறார்கள். வலசை வந்த வாத்தும் உள்ளானும் அப்போது இங்கேதான் இருக்கும். டெல்டா ஏரிகளில் தண்ணீர் நிற்கும். முக்கியமாக, சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்கள் சொந்த ஊரில் இருப்பார்கள். வடுவூர் ஏரி தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையை ஒட்டியே இருப்பதால் கார் இல்லாதவர்களும் பஸ்ஸில் வந்து இறங்கிவிடலாம். காலை ஆறரைக்கு டீக்கடையில் சேர்வதாகப் பேச்சு.

நான் முதலில் தேடியது 'மன்னார்குடி சார்' என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்த ஆளை. அவருடைய பட்டியல்கள் எல்லாமே விடிந்ததும் தொடங்கி ஏழே காலுக்குள் முடிந்துவிடும். ஒரே வாய்க்கால் கரை, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், ஒரு நாள் கூட விடுபடாது. சர்க்கரைக்காக நடக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்றே நினைத்திருந்தேன். எழுதும்போதெல்லாம் "வணக்கம் சார்" என்றுதான் ஆரம்பிப்பேன். அவரும் "வணக்கம் சார்" என்று பதில் போடுவார். டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நின்றது பிளஸ் டூ படிக்கும் பையன். ஏழே காலுக்கு முடிப்பது ஏன் என்று கேட்டேன். "ஸ்கூலுக்குக் கிளம்பணும்ல சார்" என்றான். பைனாகுலர் கிடையாது. இல்லாததால் காது அவ்வளவு கூர்மை. நாங்கள் ஆளுக்கொரு கருவியோடு நாணலைத் துழாவிக்கொண்டிருக்க, அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் "உள்ளே நாணல் கதிர்க்குருவி கத்துது" என்பான். கொஞ்ச நேரத்தில் அது வெளியே வரும். நான் அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தது மதியத்துக்கு மேல்தான். 'சார்' சுலபத்தில் வாயைவிட்டுப் போகவில்லை.

அடுத்தவர், நம்மில் பலருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற ஆள். பரிசீலகர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், எந்தப் பறவை அதிகபட்சம் எத்தனை வரலாம் என்று இ-பேர்டில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பதிவு சந்தேகக் கொடியோடு நிற்கும். சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர் அதைப் பார்த்துவிட்டு, படம் இருக்கிறதா, எப்படி எண்ணினீர்கள் என்று மரியாதையாக மெயில் போடுவார். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலாக இருக்கும். நான் நீலச்சிறகி வாத்து ஆயிரக்கணக்கில் என்று போட்ட ஒரு பட்டியலுக்காக எங்களுக்குள் மெயிலிலேயே பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது.

நேரில் பார்த்தால் அவர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவர். இரவு ஷிஃப்டை முடித்துவிட்டு, தூங்காமல், மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாக்குவாதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஏரி நடுவில் வாத்துக் கூட்டம் மிதந்தது. "வாங்கண்ணா, சேர்ந்து எண்ணுவோம்" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் முதலில் பத்து வாத்தை எண்ணச் சொன்னார். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவில் ஐந்து துண்டு சேர்த்து ஐம்பது. பிறகு அந்த ஐம்பதைக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சிதறலாகவும் இருப்பதால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஐம்பதைப் பிடிக்க வேண்டுமாம். இதையே மெயிலில் எழுதியிருந்தால் நான் பாடம் எடுக்கிறார் என்று கோபப்பட்டிருப்பேன். அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணிப் பார்த்ததில் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. அந்தப் பழைய பட்டியல் என்னவாயிற்று என்று கேட்காதீர்கள், அது இன்னும் கொடியோடுதான் இருக்கிறது.

எல்லாச் சந்திப்பும் இப்படி இருக்கவில்லை. எழுத்தில் அவ்வளவு இனிமையாகப் பேசுகிற ஒருவர், படங்களெல்லாம் பிரமாதமாகப் போடுபவர், நேரில் வந்ததும் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்தார். பறவையின் குரலைப் போட்டு அதைக் கிளைக்கு வரவழைத்துப் படம் எடுப்பதுதான் அவர் வழக்கமாம். எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று நினைத்து அது பதறிக்கொண்டு ஓடிவரும். அந்தப் பதற்றம்தான் நமக்கு அழகான படம். வேண்டாம் சார் என்று பையன்தான் சொன்னான். பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் ஸ்பீக்கரை உள்ளே வைத்துவிட்டார், ஆனால் அப்புறம் எங்களோடு நடக்கவில்லை. அவர் படங்களுக்கு நான் இப்போது லைக் போடுவதில்லை.

இன்னொருவர் மின்வாரியத்தில் லைன்மேன். பட்டியலில் குறிப்பு என்று ஒரு வரி எழுதமாட்டார். நேரிலும் அதிகம் பேசவில்லை. ஆனால் எந்தக் கம்பத்தில் எந்தப் பருந்து கூடு கட்டியது என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சந்திப்பைப் பொது இடத்தில், காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். அப்பா பறவை பார்க்க வரவில்லை, எங்களைப் பார்க்க வந்தார். பத்து மணிக்குக் கோதண்டராமர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பியபோது நாங்கள் தேறிவிட்டோம் என்று புரிந்தது.

கடைசியில் எல்லார் பெயரையும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போடலாம் என்று உட்கார்ந்தோம். நாமக்கோழி எண்ணிக்கையில் வந்து முட்டிக்கொண்டது. லைன்மேன் அண்ணன் 900 என்றார், பையன் 750-க்கு மேல் ஒன்றுகூட இல்லை என்றான். பரிசீலகர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு 750 என்றே போடச் சொன்னார். பகிர்ந்த பட்டியலில் அவரவர் பிரதியை அவரவர் திருத்திக்கொள்ளலாம் அல்லவா? அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். லைன்மேன் அண்ணனின் பிரதியில் மட்டும் 900. கீழே குறிப்பில் அவர் எழுதி நான் பார்த்த முதல் வரி: "நான் எண்ணியது."