ஆகஸ்டில் ஏழு நாட்கள், ஆறு இலட்சம், இரண்டு பேர்: கடலும் வேண்டும், கடைத்தெருவும் வேண்டும். எங்கே போகலாம்?

பரந்தன் மருமகன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கலியாணம் முடிந்த கையோடு நாங்கள் எங்கேயும் போகவில்லை. வீட்டு வேலை அரைவாசியில் நின்றது. பிறகு பெரும்போகம் வந்தது, அதற்குப் பிறகு மாமாவுக்குச் சத்திரசிகிச்சை. இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது.

மனைவி ஆசிரியை. ஆகவே ஆகஸ்ட் விடுமுறை மட்டும்தான் எங்களுக்கு உண்டு. அதிலும் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்கு மாமியார் வீட்டாரோடு போயே ஆக வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஏழு நாட்கள் எங்களுடையவை.

அவளுக்குக் கடற்கரையும் தனிமையும் வேண்டும். தை மாதம் மச்சாளின் கலியாணம் இருப்பதால் உடுப்பு, தோழிப் பெண்களுக்குச் சின்னச் சின்னப் பரிசுகள் என்று நீளமான பட்டியலும் வைத்திருக்கிறாள். என் பக்கத்தில் ஒரே நிபந்தனை: டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, சாமான் எல்லாம் சேர்த்து ஆறு இலட்சம் ரூபாவைத் தாண்டக்கூடாது.

நகரத்தில் ஒரு பயண முகவரிடம் போனோம். பாரிஸ், சுவிஸ், பாலி, துபாய் என்று பளபளக்கும் தாள்களை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு "தொடங்கும் விலை" இருந்தது. முடியும் விலையைக் கேட்டால் தேநீர் வந்ததே தவிரப் பதில் வரவில்லை.

எந்த நாடு சரிவரும்? இருவருக்கும் கடவுச்சீட்டு இருக்கிறது. என்னுடையது டிசம்பர் வரை செல்லும், அதனால் அதில் சிக்கல் இல்லை.

முறிகண்டி:

தம்பி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நேரே நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போங்கள். ஆகஸ்டில் கிழக்குக் கடல் படுத்திருக்கும். விசாவும் வேண்டாம், டொலரும் வேண்டாம். மிச்சக் காசில் கொழும்பு புறக்கோட்டையில் உடுப்பு வாங்கலாம்.

பரந்தன் மருமகன்:

ஐயா, அதைத்தான் நானும் முதலில் சொன்னேன். "விமானத்தில் ஏறினால்தான் பயணம்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

ஓமந்தை ராசா:

இந்தியா போங்கள். நம்மவருக்கு அதைவிட மலிவான இடம் இல்லை. கட்டுநாயக்க வரை இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்க வேண்டியதில்லை. பலாலியிலிருந்தே சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் போகிறது. திருச்சிச் சேவை 2025 மார்ச் இறுதியில் தொடங்கியது. இ-விசா வீட்டிலிருந்தே எடுக்கலாம். திருச்சியில் இறங்கினால் கொடைக்கானல் வாகனத்தில் நாலைந்து மணித்தியாலம்தான். காதலுக்கு மலை, கலியாண உடுப்புக்குத் திருச்சி அல்லது சென்னை தியாகராய நகர். சீலை, சட்டை தைக்கக் கொடுப்பது, பொய் நகை எல்லாம் ஒரே தெருவில் முடியும்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே மாதத்திலிருந்து வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதி வேண்டும். சாரதியிடம் முன்கூட்டியே சொல்லி எடுக்கச் செய்யுங்கள். காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பலில் போக ஆசைப்பட்டால், இ-விசாவை ஏற்கும் துறைமுகங்களின் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். இ-விசாவோடு எல்லா வாசல்களாலும் நுழைய முடியாது.

பரந்தன் மருமகன்:

ராசா அண்ணா, கணக்குப் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் வேளாங்கண்ணியில் கொடியேற்றம் ஆகஸ்ட் 29ஆம் திகதி. இந்தியா என்று நான் வாய் திறந்தால் மாமியாரும் பெட்டி கட்டிவிடுவார். தனிமை என்ற சொல்லுக்கு அதன் பிறகு வேலையில்லை.

லா சப்பல் அக்கா:

அதே ஆகஸ்டில் பாரிஸுக்கு வர நினைத்தால் அக்கா வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் இங்கேதான் இருக்கிறேன். ஐபெல் கோபுரத்தை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பிரான்ஸ் உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூன் முதல். மறுத்துவிட்டால் அது திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்குச் சுருக்கம், வேலைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். புதிதாகக் கலியாணமான இளம் சோடியின் தாளை இன்னும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். உங்கள் ஆறு இலட்சத்தில் பெரும் பங்கு டிக்கெட்டுக்கே போய்விடும்.

ஆகஸ்டில் பாரிஸ்காரர் பாதிப் பேர் கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள் என்பதையும் எந்தத் தாளிலும் எழுதமாட்டார்கள். இங்கே தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் சீலைக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சீலைகள் இந்தியாவிலிருந்து வருபவை, விலை மட்டும் யூரோவில்.

நந்திக்கடல்:

மாலைதீவை யாரும் சொல்லவில்லையே! இலங்கையருக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசம். ஓய்வு விடுதித் தீவுகளை விட்டுவிட்டு, மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி எடுத்தால் நம்மவரின் காசுக்கும் கட்டும். பசுமை வரி என்று ஆளுக்கு இரவொன்றுக்கு 6 டொலர் அறவிடுவார்கள், 2025 தொடக்கம். மாலேயிலிருந்து அரசுப் படகில் போனால் மலிவு, வெள்ளிக்கிழமை அது ஓடாது. உள்ளூர்த் தீவுகளில் மதுபானம் கிடையாது. குளிக்கும் உடைக்கென்று கடற்கரையில் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெரு என்று ஒன்றும் இல்லை. கப்பலில் வந்து இறங்கும் சாமானை விலை கூட்டி விற்பார்கள். மனைவியின் பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாங்குளம் சந்தி:

தம்பி, முதலில் கடவுச்சீட்டைக் கையில் எடுங்கள். டிசம்பரில் முடியும் கடவுச்சீட்டோடு ஆகஸ்டில் புறப்பட முடியாது. பல நாடுகள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அங்கே போய்த் திருப்பி அனுப்பப்படுவது பிறகு. கட்டுநாயக்கவில் விமானக் கம்பனி மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இந்தக் கிழமையே போங்கள். புதிய இலக்கம் கிடைக்கும் வரை டிக்கெட்டோ விசாவோ எடுக்க வேண்டாம்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். காதல், கடை, சிக்கனம் மூன்றையும் ஒரே ஊரில் தேடுவதால்தான் முகவரின் தாள் உங்களைச் சுற்றவைக்கிறது. ஒரு நாட்டைப் பிடியுங்கள், அதற்குள் இரண்டு ஊர்களைப் பிடியுங்கள். ஒன்று கடலுக்கு, மற்றது கடைக்கு. நாட்டைத் தெரிவு செய்வது படமல்ல, விசாவும் காற்றும்தான்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்குக் கொடுத்தது. அந்தச் சலுகையைக் குறைப்பது பற்றி அங்கே அடிக்கடி பேச்சு எழுவதால், டிக்கெட் எடுக்கும் கிழமையில் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, ஆளுக்கு 20,000 பாத் பெறுமதியான பணம் மூன்றையும் காட்டத் தயாராகப் போங்கள்.

இப்போது காற்று. முல்லைத்தீவுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை: தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தில் மன்னார்ப் பக்கம் கடல் கொந்தளிக்கும், நம்முடைய பக்கம் அடங்கியிருக்கும், வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில் தலைகீழ். தாய்லாந்திலும் அப்படியே இரண்டு கரைகள். புக்கெட், கிராபி இருப்பது அந்தமான் கடல் பக்கம். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே அலையும் மழையும், சிவப்புக் கொடி கட்டிய கடற்கரையும். ஆகஸ்டில் புக்கெட் விடுதிகள் ஏன் மலிவு என்று வியக்கிறவர்களுக்கு அதுதான் பதில். வளைகுடாப் பக்கத்தில் கோ சமுயி ஆகஸ்டில் நன்றாக இருக்கும். அதற்கு நவம்பர்தான் கெட்ட மாதம். ஆனால் சமுயி விமானம் விலை கூட. ரயிலில் சூராட்தானி போய், பஸ் பிடித்து, கப்பலேறினால் போகவும் வரவும் இரண்டு நாட்கள் கரைந்துவிடும்.

உங்கள் ஏழு நாட்களுக்கு நான் சொல்வது ஹுவா ஹின். பாங்கொக்கிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர், அதே வளைகுடாக் கரை. மேற்கே மலைத்தொடர் நிற்பதால் சோளக மழை அங்கே அவ்வளவாக இறங்காது. தாய்லாந்து அரச குடும்பம் கோடை மாளிகை கட்டிய ஊர், பழைய மர ரயில் நிலையம், நீண்ட மணற்கரை, மாலையில் இரவுச் சந்தை. சத்தமில்லாத ஊர். பட்டாயாவை முகவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வாருங்கள். அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே மாமியாருக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

வரிசை முக்கியம். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்தே ஹுவா ஹினுக்கு நேரடிப் பஸ் இருக்கிறது. இறங்கியவுடன் அங்கே போய் நான்கு இரவுகள். கடைசி இரண்டு இரவுகள் பாங்கொக். கடையை முதலில் முடித்தால் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டும், கையில் காசும் இருக்காது.

பரந்தன் மருமகன்:

அண்ணா, கடவுச்சீட்டு விடயத்தில் காப்பாற்றிவிட்டீர்கள். திங்கட்கிழமை வவுனியா போகிறேன். பாங்கொக்கில் எங்கே வாங்குவது? மனைவி பக்கத்திலிருந்து கேட்கிறாள்: சீலை கிடைக்குமா, தங்கம் மலிவா?

மாங்குளம் சந்தி:

தங்கைக்குச் சொல்லுங்கள்: கலியாணச் சீலைக்குத் தாய்லாந்து சரிப்படாது. அதை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்குவதுதான் நல்லது. பாங்கொக்கில் பாஹுராட் என்ற இந்தியத் துணித் தெரு இருக்கிறது. சட்டைத் துணி, ஜரிகைக் கரை, மணி வேலை என்று கிடைக்கும், அவ்வளவுதான்.

தோழிப் பெண்களின் பரிசுக்குப் பாஹுராட்டை ஒட்டிய சாம்பெங் சந்துக்குப் போங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அளவுக்கு ஒடுக்கம். தலைக்கிளிப், காதணி, சின்னப் பைகள் எல்லாம் டசின் கணக்கில் கட்டித் தொங்கும். ஒன்று வேண்டும் என்றால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஒரு கட்டு என்றால் உடனே கூடையை நீட்டுவார்கள்.

தைத்த உடுப்புக்குப் பிரதுநாம் பகுதியில் பிளாட்டினம் கடைத்தொகுதி. ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் மொத்த விலை. மொழி தேவையில்லை. விற்கும் பெண் கல்குலேட்டரில் விலையைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவாள். நீங்கள் அழித்துவிட்டு உங்கள் விலையைத் தட்டித் திருப்ப வேண்டும். அவள் சிரித்தால் இன்னும் இடம் இருக்கிறது. கல்குலேட்டரை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டால் கதை முடிந்தது. போட்டுப் பார்க்கப் பல கடைகளில் விடமாட்டார்கள், ஆகவே அளவு நாடா ஒன்றைப் பையில் வையுங்கள். சனி, ஞாயிறு கிடைத்தால் சத்துசாக் சந்தையும் உண்டு. காலையிலேயே போங்கள், மதிய வெயிலில் அதற்குள் நடக்க முடியாது.

பெரிய கடைகளில் வாங்கினால் 7 வீத வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஒரே நாளில் ஒரே கடையில் 2,000 பாத்துக்குக் குறையக்கூடாது. படிவத்தைக் கடையிலேயே நிரப்பிக் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டி வரலாம். சாம்பெங் சந்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

தங்கம் வேண்டாம். அவர்களுடைய நகைத் தங்கம் 96.5 வீதம், நம்முடைய 22 கரட்டைவிடத் தூய்மை கூடியது. நிறையும் கிராமில் அல்ல, பாத் என்ற அளவில். ஊரில் மாற்றப் போனால் கடைக்காரர் உருக்கி உரசிக் கழிவு போடுவார். கட்டுநாயக்க சுங்கத்திலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கொழும்பு செட்டியார் தெருவே போதும்.

சீலோம் மருமகள்:

கோயில் இல்லாமல் மாமியாரைச் சமாளிக்க முடியாது என்றால், பாங்கொக் சீலோம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. திருநீறும் படமும் கொண்டுவந்து கொடுங்கள். வேதக்கார மாமியார் என்றால் ஹுவா ஹினிலும் கத்தோலிக்கத் தேவாலயம் உண்டு.

லா சப்பல் அக்கா:

சிங்கப்பூரையும் விடாதே தம்பி. இலங்கையருக்கு விசா வேண்டாம், தமிழிலேயே கதைத்து வாங்கலாம்.

மாங்குளம் சந்தி:

உண்மை அக்கா. ஆனால் அங்கே விடுதி வாடகை இவர்களின் ஆறு இலட்சத்தை விழுங்கிவிடும். 2024 முதல் பொருள், சேவை வரி 9 வீதம். சுற்றிப் பார்க்க நல்ல நகரம், சிக்கனத்துக்கு அல்ல.

பரந்தன் மருமகன்:

முடிவு எடுத்துவிட்டோம்: ஹுவா ஹின் நான்கு இரவு, பாங்கொக் இரண்டு இரவு. கடவுச்சீட்டு வந்த பிறகே டிக்கெட். மனைவி பட்டியலிலிருந்து தங்கத்தை வெட்டிவிட்டாள், தலைக்கிளிப்பைக் கூட்டிவிட்டாள். கடைசியாக ஒன்று: தாய்லாந்து வருகை அட்டை என்று ஓர் இணையத்தளம் ஆளுக்கு 30 டொலர் கேட்கிறது. கட்ட வேண்டுமா?

மாங்குளம் சந்தி:

ஒரு சதமும் கட்டாதீர்கள். 2025 மே 1 முதல் அந்த அட்டை கட்டாயம்தான், ஆனால் முற்றிலும் இலவசம். தாய்லாந்துக் குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில், போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே தடவையில் நிரப்பலாம். காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். மடுவால் திரும்பி வந்து நிரப்புங்கள், நேரம் சரியாக இருக்கும்.

இரவு பஸ் ஏறும்போது புத்தளம் வழியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வழி பஸ் நீர்கொழும்பு தாண்டிக் கட்டுநாயக்கவால்தான் போகும். கொழும்பு வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.