திருமலைத் தூண்டில்காரருக்கு, உறைந்த ஏரியில் முதல் வின்ரர்

லீவுக்குத் திருகோணமலை வந்து டச்பே கரைப்பக்கம் போனால் யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்: "அண்ணை, அங்க ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறது உண்மையோ?" இந்த முறை கேட்ட தம்பிமாரில் இரண்டு பேருக்கு ஒன்ராறியோ மாகாணம் போகக் கனடா விசா கையில் வந்துவிட்டது. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், ஏற்கெனவே போய் இறங்கியவர்களுக்கும் உதவும்.

கொட்டியாரக்குடாவில் கைத்தூண்டில் போட்டுப் பழகியவருக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தர அதிகம் இல்லை. தங்கூசியை ஆள்காட்டி விரலில் போட்டுக் கொத்தலை உணர்கிற அந்தப் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும். நமக்குத் தெரியாதது ஐஸ்தான். ஆகவே காசை முதலில் ஐஸில் உயிரோடு நிற்பதற்குச் செலவழியுங்கள், தூண்டில் தடிக்கு அப்புறம் பார்க்கலாம்.

தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸ் என்றால் ஆள் நடக்க ஆகக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது, புதியவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான், அதனால் தடிப்பு இரட்டிப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஊறிய மாதிரித் தெரிந்தால் கால் வைக்கவே வேண்டாம். ஒரே ஏரியில் இங்கே ஒரு தடிப்பு, கொஞ்சம் தள்ளி இன்னொரு தடிப்பு இருக்கும். நுனி உளி மாதிரிக் கூரான ஓர் அலவாங்கு அங்கே தூண்டில் கடைகளில் விற்கும். அதால் முன்னால் குத்திக் குத்தித்தான் நடக்க வேண்டும், ஒரு குத்திலேயே தண்ணீர் வந்தால் வந்த வழியே திரும்புங்கள். நீரோட்டம் உள்ள இடம் எந்தக் குளிரிலும் நம்பத்தக்கதல்ல. ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற சிம்கோ ஏரியின் தண்ணீர் வடக்கே கூச்சிச்சிங் ஏரிக்குள் பாய்கிற அதர்லி ஒடுக்கம் அப்படியான இடம்.

கழுத்தில் ஐஸ் குத்தூசி ஒரு சோடி தொங்க வேண்டும், விலை சொற்பம். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்குங்கள். கை கால் சொல்வழி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம். வந்த பக்கமே திரும்பி, ஏனென்றால் அந்த ஐஸ் உங்களைத் தாங்கியிருக்கிறது, ஊசியைக் குத்திக் காலை உதைத்து வயிற்றால் ஏறுங்கள். ஏறியதும் எழும்பக் கூடாது, உருண்டே விலகுங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

சரி, சாமானுக்கு வருவோம். ஊரிலிருந்து ஈயமும் பெரிய முள்ளும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், பாரைக்கும் விளைமீனுக்கும் போடுகிற கனம் அங்கே உதவாது. கையால் சுற்றுகிற 6 அங்குல ஓகர், அதுதான் துளைகருவி, தொடக்கத்துக்குக் காணும். ஓட்டையில் மிதக்கிற ஐஸை அள்ள ஒரு துளைக்கரண்டி, இரண்டு இரண்டரை அடித் தடி, சின்ன ரீல், 4 இறாத்தல் தங்கூசி. இருக்கப் பிளாஸ்ரிக் வாளி, திரும்பும்போது மீனும் அதற்குள்தான். அடியில் மீன் நிற்பதைக் காட்டுகிற சோனார் கருவியை முதல் வருடம் வாங்கச் சொல்ல மாட்டேன்.

குளிரில் தங்கூசி ரீலில் சுற்றிய சுருளாகவே நிற்கும். இலேசான ஜிக், அதாவது ஈயக் குண்டு சேர்ந்த முள், போட்டால் சுருள் நிமிராது, கொத்தல் மேலே வந்து சேராது. அதனால் அதே அளவில் கனம் கூடிய டங்ஸ்ரன் ஜிக் வாங்குங்கள், 2, 3 கிராம் போதும். தடி நுனியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று பூட்டலாம். கையுறை போட்ட விரலுக்குத் தெரியாததை அது காட்டும்.

உறைந்த ஏரியில் அடித்தண்ணீர்தான் சூடு, 4 பாகை அளவில். நாங்கள் தேடிப் போகிற பேர்ச் என்ற சின்ன நன்னீர் மீன் பெரும்பாலும் அடியை ஒட்டியே திரியும். அடி தட்டும் வரை விட்டு, ஒரு அடி தூக்கி, இரண்டு தரம் மெல்ல ஆட்டி, நிறுத்துங்கள். ஆட்டும்போது வரும், நிறுத்தும்போதுதான் வாய் வைக்கும். பல தரம் கம்பி கீழே இழுபடாது, மேலே எழும்பும். மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு மேலே வருகிறது என்று அர்த்தம், உடனே தூக்குங்கள். ஊரில் மாதிரி வெட்டி இழுக்க வேண்டாம், பேர்ச்சின் வாய் கிழிந்துவிடும். கால் மணி நேரம் சத்தமில்லை என்றால் வேறு ஓட்டை. பொறுமை என்று ஒரே ஓட்டைக்கு முன்னால் குந்தியிருப்பது சும்மா விறைப்பதுதான். தடி வளையத்தில் ஐஸ் கட்டினால் தட்டி உடைக்காதீர்கள், நுனியை ஓட்டைத் தண்ணீரில் தோயுங்கள், கரைந்துவிடும்.

ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய மீனின் காற்றுப்பை ஊதிவிடும், திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஆகவே ஆழத்தில் தேவைக்குப் பிடித்ததும் நிறுத்துங்கள்.

சட்டம்: ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரை அவுட்டோர்ஸ் அட்டை என்கிற மாகாண அடையாள அட்டையும் மீன்பிடி லைசன்ஸும் வேண்டும். மாகாணவாசி என்ற விலையில் எடுக்க, அங்கே தொடர்ந்து 6 மாதம் இருந்திருக்க வேண்டும், இது பலருக்குத் தெரியாது. சிம்கோவில் ஐஸில் ஒருவருக்கு இரண்டு தூண்டில், இரண்டும் கண்ணுக்குத் தெரிய 60 மீற்றருக்குள் நிற்க வேண்டும். உயிர் இரைமீன் வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மிஞ்சியதை ஏரியில் ஊற்றாதீர்கள். எந்த மீன் எப்போது, எத்தனை என்பதை அந்த வருடச் சட்டச் சுருக்கத்தில் பாருங்கள்.

முதல் தடவை வாடகைக் குடில் எடுங்கள் என்பதுதான் என் கட்சி. சிம்கோ கரையிலிருந்து ஐஸ் மேல் நிற்கிற, ஹீற்றர் போட்ட குடிலுக்குக் கொண்டுபோய் விட்டு, ஓட்டையும் போட்டுத் தருவார்கள். எங்கே ஐஸ் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சொந்த ரென்றில் ஹீற்றர் போட்டால் காற்றுப்போக விடுங்கள், கார்பன் மோனொக்சைட் மணக்காது. ஜீன்ஸும் பருத்தி பெனியனும் வியர்வையில் நனைந்து காயாது, உள்ளே கம்பளியோ பொலியெஸ்ரரோ. குளிருக்கு ஒரு சொட்டு என்று போத்தலோடு வருகிற மாமாமாரும் உண்டு. அது உடம்புச் சூட்டைத்தான் வெளியே விடும்.

"சாப்பிடலாமோ?" என்று நிலாவெளித் தங்கைச்சி ஒருவர் கேட்டிருந்தார். பேர்ச் பொரிக்கவும் சொதிக்கும் அருமை, முள் குறைவு. லேக் ட்ரவுற் என்ற ஏரி மீனில் பெரியதை மட்டும் யோசித்துச் சாப்பிடுங்கள். பாதரசம் பெரிய மீனில்தான் சேரும், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவு வேறு. மாகாண அரசு ஏரி வாரியாக, மீனின் நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று வழிகாட்டி போடுகிறது, இணையத்தில் இலவசம்.