புதுப்பிப்பு: ஓமோதே கின்சா நடை முடிந்தது

ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஓமோதே கின்சா என்ற முகட்டுப் பாதை வழியாக யாரிகாதாகே சிகரம் வரை நடக்கக் கூடாரம் வேண்டுமா, மலைக்குடில்களே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நடந்து முடித்தாயிற்று. குடில்களே போதும், முன்பதிவு மட்டும் அவசியம்.

நாகபுசா வெந்நீரூற்றிலிருந்து ஏறும் கஸ்ஸென் முகடு நல்ல செங்குத்துதான். பாதிக்கு மேலே ஒரு குடிலில் தர்பூசணித் துண்டு விற்கிறார்கள், விடாதீர்கள். ட்சுபாகுரோ (2,763 மீட்டர்) உச்சியருகே வெள்ளை மணலில் கொமாகுசா பூக்கள்! அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

நான் பயந்தது யாரிகாதாகேயின் (3,180 மீட்டர்) கடைசிப் பாறைக்குத்தான். ஏறவும் இறங்கவும் தனித்தனி வழி, இரும்பு ஏணிகள், சங்கிலிகள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் சேரும் முன், அதிகாலையில் ஏறினேன். பாறை ஈரமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். விடியும்போதே கிளம்பி, இரண்டு மணிக்குள் அடுத்த குடிலைச் சேர்ந்துவிடுவதுதான் சரி.

சிலர் பரிந்துரைத்த தாய்கிரெத்தோ என்ற ஆபத்தான, குறுகலான முகட்டு வழியை விட்டுவிட்டேன். முதல் முறை போகிறவர்கள் யாரிசாவா பள்ளத்தாக்கில் இறங்குங்கள். நடை முடியும் காமிகோச்சி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; முழங்கால் வலிக்கும், ஆனால் கடைசிப் பகுதி ஆற்றோரச் சமதளம். அப்புறம், காமிகோச்சிக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள். பேருந்தில் ஷின்-ஷிமாஷிமா, அங்கிருந்து மட்சுமொட்டோவுக்கு ரயில்.