கூட வருபவள் வாசலை மறிக்கிறாள், வெளியே வர வழி சொல்லுங்கள்

ஒற்றைவால்: அவசரம். வீடியோ கேமில் ஒரு குகையின் கடைசி அறையில் மாட்டிக்கொண்டேன். கூட வரும் துணைப் பாத்திரம் சரியாக வாசலில் வந்து நிற்கிறாள். முட்டினாலும் அசையவில்லை. கடைசி சேவ் ரொம்பப் பின்னால் இருக்கிறது. எடுத்த நல்ல பொருள் எல்லாம் அவளிடம்தான், அதனால் வெட்டவும் மனம் வரவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கரும்பூனை: எந்த ஆட்டம்? பிசியா, கன்சோலா? அவள் பெயர் என்ன?

சுண்டுவிரல்: இது ரெசிடென்ட் ஈவில் 4 மாதிரி இருக்கிறது. அதில் கூட வரும் ஆஷ்லிக்குக் காத்திரு என்று ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுத்துப் பாருங்கள்.

கல்தூண்: ஆஷ்லி எந்தக் காலத்தில் பொருள் சுமந்தாள்? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். குகை, வாசல், மூட்டை. ஸ்கைரிம் ஆட்டம், கூட வருபவள் அநேகமாக லிடியா. ஆட்டம் வந்த 2011 முதல் கேட்கப்படும் கேள்வி. தம்பி, ஆட்டத்தின் பெயரைக்கூட எழுதாமல் உதவி கேட்டால் எப்படி? தேடினாலே கிடைத்திருக்கும்.

இரவுவிழி: ஸ்கைரிம் என்றால் காரணம் சுமைதான். அவளிடம் அளவுக்கு மேல் ஏற்றியிருப்பீர்கள். பாதியை வாங்கிக்கொண்டால் நகர்ந்துவிடுவாள்.

கல்தூண்: சுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. துணைப் பாத்திரங்கள் எங்கெல்லாம் நடக்கலாம் என்று தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரைபடம் விரித்திருக்கும், நேவ்மெஷ் என்பார்கள். அதன் வழியாக உங்கள் பக்கத்தில் வந்தவுடன் நின்றுவிடுவார்கள். நீங்கள் முட்டுச்சந்து அறையில் இருந்தால் அந்தப் பக்கத்து இடம் பெரும்பாலும் வாசலாகத்தான் இருக்கும்.

மண்வெட்டி: பிசி என்றால் சுலபம். டில்டே விசையை அழுத்தி டிசிஎல் என்ற கட்டளையைத் தட்டுங்கள், ஒன்றில் ஒன்று முட்டி நிற்கும் மோதல் அணைந்துவிடும். அவளை ஊடுருவியே வெளியே வரலாம். வந்ததும் மறுபடி தட்டி மாற்றிவிடுங்கள்.

ஒற்றைவால்: ஸ்கைரிம்தான். லிடியாதான். கன்சோல்.

கரும்பூனை: அப்படியானால் டிசிஎல் உதவாது, அது பிசிக்குத்தான். அவளைப் பார்த்து, பேச அழுத்தும் பொத்தானையே விடாமல் பிடியுங்கள். கட்டளை நிலை வரும். உள்ளே தூரமாக ஒரு இடத்தைக் காட்டி அழுத்தினால் அங்கே நடந்து போவாள். அதற்கும் மசியாவிட்டால் பேச்சில் பிரிந்துபோகச் சொல்லிவிடுங்கள். டிராகன்ஸ்ரீச் அரண்மனைக்கோ, பிரீஸ்ஹோம் வீட்டை வாங்கியிருந்தால் அங்கேயோ கிளம்பிவிடுவாள். வாசலும் திறந்துவிடும். பொருள் எங்கும் போகாது, அவளிடமே இருக்கும்.

நெடுந்தூரம்: இன்னொரு வழி. மிர்முல்னிர் டிராகனைக் கொன்ற பிறகுதான் லிடியா கிடைப்பாள், அதற்குள் எதிரே நிற்பவரைத் தள்ளும் ஃபஸ் என்ற கத்தல் சக்தியும் வந்திருக்கும். ஒரே சொல்லோடு கத்தினால் தடுமாறிப் பின்னால் நகர்வாள். வாளை மட்டும் எடுக்காதீர்கள். எதிரி அடித்தால் மண்டியிட்டு விழுவாள், அப்புறம் எழுந்துவிடுவாள். உங்கள் வெட்டு பட்டால் அப்படி இல்லை, உண்மையிலேயே செத்துவிடுவாள்.

சுண்டுவிரல்: இதைத்தான் சொல்ல வருகிறேன். துணைக்கு உயிர் வைத்தாலே தொல்லை. 2005 ரெசிடென்ட் ஈவிலில் ஆஷ்லிக்குத் தனி உயிர்ப்பட்டை இருந்தது, பாதி நேரம் அதைப் பார்ப்பதிலேயே போகும். 2023 மறுஆக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பயோஷாக் இன்ஃபினிட்டில் எலிசபெத்தைக் காப்பாற்றவே வேண்டாம், அவளே தோட்டா எடுத்துப் போடுவாள். எல்லா ஆட்டமும் இப்படி வர வேண்டும்.

இரவுவிழி: ஒத்துக்கொள்ள மாட்டேன். சாகவே மாட்டாள் என்று தெரிந்துவிட்டால் அவளைப் பற்றி எனக்கு என்ன கவலை? தி லாஸ்ட் ஆஃப் அஸில் நாம் பதுங்கியிருக்கும்போது எல்லி எதிரியின் மூக்குக்கு முன்னால் ஓடினாலும் அவன் பார்ப்பதில்லை. ஆட்டம் சொல்லும் பயமே அங்கே உடைந்துவிடுகிறது.

சுண்டுவிரல்: பார்த்திருந்தால் எத்தனை தடவை அவளால் மாட்டியிருப்பீர்கள்? அந்தச் சமரசம் சரியானதுதான்.

மண்வெட்டி: உயிர் இருப்பதும் இல்லாததும் எனக்குப் பெரிதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். காட் ஆஃப் வார் ராக்னராக்கில் புதிரைப் பார்த்து முடிப்பதற்குள் கூட வருபவர் வாயிலிருந்து விடை வந்துவிடுகிறது. யோசிக்கும் இன்பத்தையே பறிக்கிறார்கள். ஜிடிஏ 4 ரோமனாவது பரவாயில்லை, அவன் அழைப்புத் தொல்லை தாங்காவிட்டால் கைப்பேசியைத் தூக்க நிலையில் போட்டுவிடலாம்.

கல்தூண்: கேட்டது லிடியா பற்றி. துணைப் பாத்திரங்களின் வரலாற்றுக்குத் தனி இழை திறங்கள்.

இரவுவிழி: வரலாறு எழுதத் தகுதியானவர் நீங்கள்தான், திறந்துவிடுங்கள், வருகிறோம்.

ஒற்றைவால்: வெளியே வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கரும்பூனை: எந்த வழியில் வந்தீர்கள்? கட்டளையா, கத்தலா, பிரித்து அனுப்பினீர்களா? அடுத்து மாட்டுபவர்களுக்கு உதவும்.

நெடுந்தூரம்: பொருள் எல்லாம் பத்திரமா என்றும் எழுதுங்கள்.