இரைச்சல் ஒலி இல்லாமல் உறங்காத ஒன்றரை வயதுப் பிள்ளை: எப்படி நிறுத்துவது?

கேள்வி: கல்லடியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணகி அம்மன் கோயில் இருப்பதால், சென்ற வைகாசிச் சடங்கு நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மகள் திடுக்கிட்டு எழுந்து அழுதாள். அதைப் பொறுக்க முடியாமல், ‘வைட் நொய்ஸ்’ எனப்படும் சீரான இரைச்சல் ஒலியைக் கைத்தொலைபேசியில் போட்டு உறங்க வைத்தோம். திருக்குளிர்த்தி முடிந்து கோயில் அமைதியான பிறகும் எங்கள் வீட்டில் அந்த ஒலி நிற்கவில்லை. இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. தொலைபேசி தலைமாட்டில் ஒலித்தால்தான் கண்ணை மூடுகிறாள். இடையில் சார்ஜ் தீர்ந்து ஒலி நின்றால், இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்து தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறாள். அடுத்த மாதம் நான் பணிக்குத் திரும்புவதால், பகலில் அவளைக் களுவாஞ்சிக்குடியில் அம்மம்மாவிடம் விட வேண்டும். இந்தச் சத்தம் பிள்ளையின் காதைக் கெடுத்துவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். ஒரேயடியாக நிறுத்துவதா, சிறிது சிறிதாகக் குறைப்பதா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

மகள், இந்த ஒலி பிள்ளைகளை உறங்க வைக்கிறது என்பது உண்மைதான். 1990இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட 40 சிசுக்களில் இந்த ஒலியைக் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டார்கள். கேளாத 20 பேரில் ஐவரே உறங்கினார்கள். ஆனால் உங்கள் அம்மாவின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கனடாவில் 14 ஒலிக்கருவிகளை உச்ச அளவில் ஒலிக்கவிட்டு அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின, மூன்று 85 டெசிபலையும் தாண்டின. 50 என்பது மருத்துவமனைச் சிசு அறைகளுக்குச் சொல்லப்படும் எல்லை. 85 என்பது தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் எல்லை. ஆகவே நிறுத்துவதைப் பற்றி யோசிக்கும் முன்னர், இன்றிரவே தொலைபேசியைத் தலைமாட்டிலிருந்து எடுத்து, குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள்.

மறுமொழி 2: ஒலிபெருக்கித் தொழில் செய்யும் ஒரு தந்தை, கல்முனை

சகோதரி, தூரத்தைப் பற்றி அக்கரைப்பற்று அம்மா சொன்னது மிகச் சரி. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்புவதால் அவ்வளவு குறையாது. எனவே தூரத்தோடு ஒலியளவையும் குறைக்க வேண்டும். 3 டெசிபல் குறைந்தால் பெரியவர்களுக்கே அது பெரிதாகத் தெரிவதில்லை. அந்த அளவில் ஒரு படி இறக்கி, அதே அளவில் மூன்று இரவுகள் விட்டு, பிறகு அடுத்த படி இறக்குங்கள். 60இல் தொடங்கினாலும் மூன்று வாரத்தில் 40க்கு வந்துவிடலாம். அதன்பின் மின்விசிறியின் சத்தமே அதை மூடிவிடும். தொலைபேசியில் உள்ள அளவுமானிச் செயலிகள் துல்லியமானவை அல்ல, ஆனாலும் நேற்றைவிட இன்று குறைந்ததா என்று பார்க்க அவை போதும். ஒலியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் போடுங்கள். நடுச்சாமத்தில் திடீரென்று பாயும் விளம்பரச் சத்தம் பிள்ளைக்குக் கூடவே கூடாது.

மறுமொழி 3: ஏறாவூரிலிருந்து ஒரு தாய்

ஒரு மணி நேரத்தில் தானாக நிற்கும்படி வைக்கலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். நான் அதற்கு உடன்படமாட்டேன். சிறு பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மேலே வந்து, அரைகுறையாக விழித்து மீண்டும் உறங்குவார்கள். உறங்கும்போது இருந்த ஒலி அந்த நேரத்தில் இல்லையென்றால் முழுதாக எழுந்துவிடுவார்கள். குறைத்த அளவில் விடியும்வரை இருக்கட்டும். அத்துடன், ஒலி போகும் இடத்துக்கு வேறொன்று வர வேண்டும். எங்கள் மகனுக்கு விளக்கை அணைத்து, அதே போர்வையைப் போர்த்தி, உம்மா ஒரே தாலாட்டை மெல்லிய குரலில் இரண்டு தடவை பாடுவார். எந்த வீட்டில் படுத்தாலும் அந்த ஒழுங்கு மாறாது. ஒலி குறையத் தொடங்குவதற்கு முன்பே அம்மம்மாவும் இதைச் செய்யப் பழகட்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே மாரி மழை இன்னும் முழுதாக விடவில்லை. இரவில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அவள் தொலைபேசி இல்லாமலே உறங்கிவிடுகிறாள். இதுவே நிறுத்த ஏற்ற நேரமா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

இல்லை, மகள். மழையும் அதே வகை ஒலிதான். அந்த இரவுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். மழை இல்லாத இரவுகளில் படி இறக்குங்கள். பணிக்குத் திரும்பும் வாரத்தில் மட்டும் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். தாயைப் பிரிவதும் ஒலியை இழப்பதும் ஒன்றாக வந்தால் பிள்ளை தாங்காது. காய்ச்சலோ பல் முளைக்கும் நோவோ இருந்தால் இருந்த அளவிலேயே சில நாள் நிறுத்திவைத்து, பிறகு தொடருங்கள். இந்த வயதில் பகல் உறக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் உறங்கினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, சொற்கள் வரத் தாமதமானாலோ, ஒலியை நிறுத்திவிட்டோமே என்று காத்திராமல், கிளினிக்கில் சொல்லிச் செவிப்புலனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.